மூன்று கீறல்

அணுமின் நிலையத்தை ஒட்டின கரையில் பிடித்த மீனை ஒருத்தரும் தொடவில்லை. எல்லாம் அந்த மைக் வாத்தியாரால் வந்த வினை என்று மீன்காரம்மா சந்தை முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

பள்ளிக்கூட வாத்தியார்தான். நிலையம் திறந்த நாளிலிருந்து, சாயங்காலமானால் முச்சந்தியில் மைக்கைப் பிடித்துக்கொள்வார். அதனால் அந்தப் பெயர். நிலையத்தைக் குளிரவைத்த தண்ணீர் கடலில் கலக்கிறது, அந்த மீனைத் தின்றால் பிள்ளைகுட்டி விளங்காது என்பார். கேட்ட பெண்கள் மீன்காரம்மாவின் கூடைப் பக்கமே திரும்புவதில்லை.

மீன்காரம்மாவுக்கு நிலையத்தின் மேல் கோபம் கிடையாது. முன்பு அங்கே கரி எரித்து மின்சாரம் எடுத்த காலத்தில், காயப்போட்ட துணியிலெல்லாம் சாம்பல் படிந்துவிடும். அவள் புருஷன் இருமி இருமியே படுக்கையில் விழுந்தான். இப்போது இரண்டு நாட்டுக்காரர்கள் சேர்ந்து, புகையில்லாத நிலையம் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்கிறது. மீன்தான் விற்கவில்லை.

தவறாமல் வாங்குவது தெருமுனை இஸ்திரிக்காரர் ஒருவர்தான். பாதி விலைக்குக் கேட்பார், கொடுத்துவிடுவாள். ஒண்டிக்கட்டை மனுஷருக்குத் தினமும் நாலு மீன் எதற்கு என்று அவள் கேட்டதில்லை. போகிற மட்டும் போகட்டும்.

"இப்படியே போனா படகை வித்துட்டு வெளியூருக்குக் கூலிக்குப் போயிடுறேம்மா" என்று மகன் சொன்ன மறுநாள், நிலையத்து அதிகாரி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஊர்ச் சனங்களிடம் பேசிப் பயத்தைப் போக்குவதுதான் அவருக்கு வேலை. கனிவான மனுஷர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வாராவாரம் அந்தக் கரை மீனைச் சோதித்துப் பார்க்கிறோம், ஒரு கெடுதலும் இல்லை என்றார். வெளிநாட்டு இன்ஜினியர்கள் வரப்போகிறார்கள், ஊரையும் அழைத்திருக்கிறேன் என்றார்.

"நீங்களே பொரிச்சு எடுத்துட்டு வாங்கம்மா. எல்லார் முன்னாடியும் நான் சாப்பிடுறேன். அப்புறம் யாரு என்ன பேசுறாங்கன்னு பாப்போம்."

இன்ஜினியர்கள் வந்த அன்று, மகன் கொண்டுவந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்தாள். வழக்கம்போல் பக்கத்துக்கு மூன்று கீறல் போட்டாள். நடுக்கீறல் மட்டும் சாய்ந்தே விழும். அது அவள் கைவாகு. சந்தையில் யாருக்குச் சுத்தம் பண்ணிக் கொடுத்தாலும் அப்படித்தான். அடுப்பு மூட்டும்போது சாமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவர் நாக்குக்கு நம்ம மீன் பிடிக்கணும்.

நிலையத்துக் கேண்டீன்காரர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, சூடு பண்ணி வைக்கிறோம் என்று உள்ளே போனார்.

அதிகாரி அழகாகப் பேசினார். கரியை விட்டால்தான் பூமி சூடாவது குறையும், அதற்கு நாடும் நாடும் கைகோர்த்தால் மட்டும் போதாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களை நம்பவேண்டும் என்றார். பிறகு தட்டு வந்தது. முள்ளைக்கூட விடாமல் சப்பிச் சாப்பிட்டார். இன்ஜினியர்களுக்கும் ஆளுக்கொன்று. ஊரே கை தட்டியது.

பக்கத்தில் நின்ற பெண், கைக்குழந்தைக்காரி, அவள் தோளைத் தொட்டாள்.

"நாளைக்கு எனக்கும் ரெண்டு எடுத்து வைங்கக்கா."

மீன்காரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று கேண்டீன் பின்பக்கம் போனாள்.

குப்பைத் தொட்டியில் மீன் கிடந்தது. ஒன்றுகூடப் பிட்டுப் பார்க்காத மீன். மூன்று கீறல், நடுவில் ஒன்று சாய்ந்து.

கேண்டீன்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா நேத்தே டவுன்லேருந்து ஐஸ் பெட்டியில வேற மீன் வரவழைச்சுட்டாரும்மா. எதுக்கு வம்புன்னாரு."

"சோதிச்சுப் பாத்ததுல ஒண்ணுமில்லைன்னாரே?"

"மீன்ல ஒண்ணுமில்லதாம்மா. பயம் அவருக்குத்தான்."

அவள் குனிந்து மீனையெல்லாம் பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டு மூடினாள்.

சோதித்தவரே தின்னப் பயப்படுகிற மீனை, நாளைக்கு அந்தக் கைக்குழந்தைக்காரிக்கு எந்தக் கையால் எடுத்துக் கொடுப்பது? படகு போனாலும் போகட்டும் என்று தோன்றியது. வாத்தியார் வாய் பொல்லாதவர்தான். ஆனால் மனசில் இருப்பதைத்தானே பேசினார். அவரைப் போய் நாக்கு அழுகிப்போகும் என்றெல்லாம் சாபம் விட்டோமே. மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்தப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நடந்ததை அவரே மைக்கில் சொல்லட்டும். வெயிலில் நேரே அவர் வீட்டுக்கு நடந்தாள்.

வாசல் கதவு திறந்திருந்தது. வாத்தியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தட்டில் பொரித்த மீன். மூன்று கீறல். நடுக்கீறல் சாய்ந்திருந்தது.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாயில் வைத்தது வாயிலேயே நின்றது.

அடுக்களையிலிருந்து, யார் வந்திருப்பது என்று தெரியாத அவர் மனைவியின் குரல் கேட்டது.

"இன்னும் ஒண்ணு வைக்கவா? நாளைக்கும் இஸ்திரிக்காரரை வாங்கியாரச் சொல்லியிருக்கேன். நீங்க மைக் புடிச்ச புண்ணியம், பாதி விலைக்குக் கிடைக்குது."