பார்க்கும் பக்கம்

பார்க்கும் பக்கம் நகரும் நாற்காலி அது. கண்ணை மூடினால் நின்றுவிடும். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத வளர்மதி அதில் அமர்ந்து மாநாட்டு மேடையில் இருந்தாள். "உங்க வீட்டுக்காரரப் பாருங்கம்மா" என்றார் அதை வடிவமைத்த பொறியாளர். சரிவுப் பாதையின் அடியில் கதிரேசன் சிரித்தபடி காத்திருந்தான். நாற்காலி இறங்கி வந்து, அவனை விட்டு விலகி, வாசலை நோக்கி விரைந்தது. "சென்சார்ல ஏதோ கோளாறு" என்று பொறியாளர் மைக்கில் சமாளித்தார். கதிரேசன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான். நாற்காலி அவன் முழங்காலில் முட்டியது, மறுபடியும் முட்டியது. "கண்ண மூடு வளரு. எல்லாரும் பாக்குறாங்க" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் அவனைத் தாண்டியே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்காத கண்களில் நீர் கட்டியது. வாசலில் இருந்த காவலாளி அவசரமாக எழுந்து, இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டார்.