இடையில் ஒருத்தி

லண்டன் ஹோட்டல் ஒன்றில் நதிநீர் ஒப்பந்தப் பேச்சு முறிந்து எல்லோரும் எழுந்தார்கள். அணை கட்டிய நாட்டின் அமைச்சர் கமாரா, கடைமடை நாட்டின் அமைச்சர் சீசே, மொழிபெயர்ப்பாளர் தவநாயகி மூவரும் ஏறிய லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது.

"அணையைத் திறக்காவிட்டால் எங்கள் பயிர் கருகிவிடும் என்று அவரிடம் சொல்லுங்கள்," என்றார் சீசே ஆங்கிலத்தில்.

பாரிஸில் வளர்ந்த தவநாயகி அதைப் பிரெஞ்சில் சொன்னாள்.

"முடியாது என்று சொல்லுங்கள்," என்றார் கமாரா.

அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. அவசர பட்டனை அழுத்தினாள். அவளுக்குப் பழக்கமான ஹோட்டல் காவலர் ஞானேஸ்வரனின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

"தம்பி, மூச்சுவிட ஏலாமல் கிடக்கு!"

"பயப்பிடாதேங்கோ அக்கா, மெக்கானிக் வாறார்."

அதற்குள் அவள் மயங்கிச் சரிந்தாள்.

அமைச்சர்கள் இருவரும் பதறிக் குனிந்தார்கள். சீசே தலையைத் தாங்கிக்கொள்ள, கமாரா கோப்பால் விசிறினார். அவளுக்குத் தெரியாத ஏதோ மொழியில் தங்களுக்குள் மளமளவென்று பேசிக்கொண்டார்கள்.

கண் விழித்தவள் அந்தப் பேச்சைக் கேட்டுத் திகைத்துப்போய் கமாராவிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

"உங்கள் இருவருக்கும் ஒரே மொழியா?"

"ஒரே ஆற்றின் கரையில் பிறந்தவர்கள் நாங்கள். வீட்டில் பேசுவது ஒரே மொழிதான்."

"பிறகு நான் எதற்கு?"

கதவு திறந்தது. வெளியே அதிகாரிகள் நின்றார்கள். கமாரா குரலைத் தாழ்த்தினார்.

"தண்ணீர் தரமுடியாது என்று சொல்லத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். அதை எங்கள் மொழியில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அம்மா."