கவரில் எவ்வளவு?

"நாற்பது வீடு. நாற்பதுலயும் பூஜ்யமா?"

ஸ்மராண்டா படிவங்களை மேஜைமேல் போட்டாள். ருமேனியாவின் சின்ன ஊர் ஒன்றில், புள்ளிவிவர அலுவலக அதிகாரி அவள். வைத்தியத்துக்கு எந்த நாட்டில் எவ்வளவு செலவாகிறது என்று ஐரோப்பா முழுவதையும் இருபது வருஷமாக ஒப்பிடும் அட்டவணைக்கு, இந்த ஊர்க் கணக்கு அவளிடமிருந்துதான் போக வேண்டும்.

"டாக்டருக்குக் கையில ஒண்ணும் கொடுக்கலைன்னுதான் எல்லாரும் சொன்னாங்க மேடம்" என்றார் இலாரியே என்ற கணக்கெடுப்பாளர்.

"கவர்ல பணம் கொடுக்காம இங்க யார் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா? காபிக் கடையில உட்கார்ந்து நீங்களே நிரப்பியிருக்கீங்க."

"நாலு மாடி ஏறி இறங்கினேன் மேடம். முட்டி வலி இன்னும் போகலை."

"அப்போ முட்டிக்கு ஓய்வு கொடுங்க. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

பூஜ்யங்களை அடித்துவிட்டுக் குத்துமதிப்பாக ஒரு தொகை எழுதினாள்.

அடுத்த வாரம் அவள் கணவர் லிவியுவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். முதல் நாளே ஐந்நூறு லே பணத்தை ஒரு கவரில் வைத்து, அந்த ஊரில் ஆபரேஷன் செய்யும் ஒரே டாக்டரான மனோலேயின் கோட்டுப் பையில் செருகினாள். அவர் மறுக்கவில்லை.

'நாற்பது பேரும் பொய்தான் சொல்லியிருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டாள்.

லிவியு வீட்டுக்குக் கிளம்பும் நாளில், டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுக் கவரை நீட்டினார்.

ஸ்மராண்டா பதறிப்போனாள். "குறைச்சலா இருக்கா டாக்டர்?"

"நான் பிரிச்சே பார்க்கலைம்மா. முன்னாடியே வேண்டாம்னு சொன்னா, 'டாக்டர் கைவிட்டுட்டார், பிழைக்க மாட்டோம்'னு பயந்துடறாங்க. அதான் வாங்கி வெச்சு, போறப்போ எல்லாருக்கும் கொடுத்துடறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அடுத்து வர்றவங்களுக்குத் தைரியம் வேணும்."

அன்று மாலையே இலாரியேயின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"தப்பு என்னுது. நீங்க எழுதினதுதான் சரி. நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க."

"எப்படி மேடம் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

மறுநாள் நாற்பது பூஜ்யங்களையும் பழையபடி எழுதி அனுப்பினாள்.

தலைநகரிலிருந்து மேலதிகாரி போனில் சிரித்தார். "நாற்பதும் பூஜ்யமா? யார் நம்புவாங்க? உங்க வீட்டுக்காரருக்கும் அங்கதானே ஆபரேஷன்? உள்ளதைச் சொல்லுங்க, டாக்டருக்கு எவ்வளவு போச்சு?"

"ஒண்ணும் போகலை சார்."

"அட, நீங்களே இப்படிப் பொய் சொன்னா எப்படி?" என்றார் அவர்.