கடைசி முடிச்சு

"என்ன சார், இந்த வாரமும் பட்டன் போச்சா?"

மாடி வீட்டு வாட்ச் ரிப்பேர்காரர் சட்டையும் கையுமாக நின்றார்.

"ஆமா டீச்சர். நீங்க போன வாரம் தைச்சது இல்ல. அது கல்லு மாதிரி நிக்குது. இது அதுக்குக் கீழ."

"அதுக்கு முந்தின வாரம் அதுக்கு மேல. உங்க சட்டைக்கு என்னதான் வியாதியோ!"

நாற்காலியில் கிடந்த பேப்பர்களை டீச்சர் அள்ளினாள். வாரத்தில் ஒருநாள்தான் அந்த நாற்காலி காலியாகும். அவர் உட்கார்ந்ததும் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெடிமேட்காரன் கடைசி முடிச்சே போடறதில்ல, சார். முடிச்சு இல்லாத பட்டன் ஒரு வாரம்கூடத் தாங்காது." முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு எடுத்த வாய்.

புதன்கிழமை மகள் போனில் சிரித்திருந்தாள்: "பட்டன் தைக்கத் தெரியாத ஒரு ஆம்பளைக்கு நீ வாராவாரம் வேலைக்காரியாம்மா? ஒரு தடவை சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடு."

நியாயமாகத்தான் பட்டது. அந்தப் போனுக்குப் பிறகு டீச்சர் வாய்விட்டுப் பேசிய முதல் ஆள் இவர்தான்.

"இன்னிக்கு நீங்களே தைக்கிறீங்க. அஞ்சு நிமிஷ வேலை. கத்துக்கிட்டா அப்புறம் மாடி இறங்கி வர வேண்டாம்."

அவர் முகம் தொங்கிப்போனது. "இந்த வயசுல எனக்கு வருமா டீச்சர்?"

"ஏன் வராது? எத்தனை நாளைக்கு அடுத்தவங்க கையைப் பார்ப்பீங்க?"

ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நூலைக் கோர்க்கப் பார்த்தாள். நூல் நுனி வளைந்தது. மறுபடியும் வளைந்தது.

"இப்படிக் குடுங்க."

யோசிக்காமலே வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நூல் நுனியை விரலால் ஒரு உருட்டு உருட்டினார். ஒரே குத்தில் நூல் மறுபக்கம் வந்தது. அதே வேகத்தில் அடியில் ஒரு முடிச்சும் விழுந்தது.

கடுகைவிடச் சின்ன திருகாணிகளை நாற்பது வருஷம் மாட்டிய விரல்கள்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. காது சிவந்தது. ஊசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

டீச்சர் அந்த முடிச்சைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு கை நீட்டினாள். "ஊசி பிடிக்கிற லட்சணமா இது? உங்களுக்கு வராது சார், விடுங்க. டீ ஆறுறதுக்குள்ள குடிங்க."

சட்டையை மடியில் போட்டுக்கொண்டு நிதானமாகத் தைத்தாள். நாலு சுற்றுச் சுற்றினாள்.

கடைசி முடிச்சைப் போடாமலே நூலை நறுக்கினாள்.