நோய்க்கு முந்தி வந்த வண்டி

இப்போதெல்லாம் ஆம்புலன்ஸ் நோய்க்கு முந்தியே வந்துவிடுகிறது. செங்கல் சூளைக்குள் அது நுழைந்தாலே, யார் வாசலில் நிற்குமோ என்று ஆளாளுக்குப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வோம். இன்று என் குடிசை வாசலில் நின்றது. மகள் பூவரசி கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள்.

"புள்ள நல்லாத்தானே வெளையாடுது? வேற வூடா இருக்கும், பாரு தம்பி" என்றாள் என் மனைவி.

"இவதான்க்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல வலிப்பு வரும். வந்தப்புறம் தூக்கினா தாங்க மாட்டா" என்றார் வண்டியிலிருந்து இறங்கிய நர்ஸ் தம்பி.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

"அப்பா, சைரன் போடச் சொல்லுப்பா!"

டிரைவர் போட்டார். அவள் சிரித்துச் சிரித்துக் கைதட்டினாள். தட்டுவது நின்றுவிடக் கூடாதே என்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு போனேன்.