அடகில் போன ஸ்தானம்

ஒரு தகப்பன் ஸ்தானம் மூன்று கோடி யென்னுக்குப் போகும். கோபே நகரில் முத்து வியாபாரம் செய்த சேவுகன் அதை அடகு வைத்துத்தான் கடன் வாங்கியிருந்தான். தவணை தவறினால் வங்கி முன்பெல்லாம் தன் ஆளைக் கம்பெனி நாற்காலியில் உட்காரவைக்கும். இப்போது வீட்டுக்கே அனுப்புகிறது. பிள்ளை அந்த ஆளிடம் ஒட்டிக்கொண்டால் அடகு மூழ்கிவிடும்.

தமிழ் படித்துவிட்டே வந்திருந்த வங்கியாள் மொரிதா, சேவுகனின் இடத்தில் அமர்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை மட்டுமாச்சும் நான் அப்பாவா இருந்துக்கிறேனே. பாத்துப் போட்டுக் குடுங்க சார்."

"ஞாயிறு விலை ஜாஸ்தி, சேவுகன் சான்," என்றார் மொரிதா, ஜப்பானிய மரியாதை குறையாமல்.

"நீங்க எங்க ஊர்ல வட்டிக்கடை வீட்டுல பொறந்திருக்கணும்," என்று சிரிக்கப் பார்த்தான் சேவுகன்.

அப்போது வீடே ஆடியது. நிலநடுக்கம். சேவுகன் இரண்டு கைகளையும் நீட்டினான். மூலையில் விளையாடிக்கொண்டிருந்த மகள் தேனம்மை அலறியபடி அவனைத் தாண்டி ஓடி, மொரிதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஆட்டம் நின்றது. குழந்தையை இறக்காமலே மொரிதா குனிந்து வணங்கினார்.

"கடன் மூன்று கோடி. வரவு மூன்று கோடி. பாக்கி எதுவும் இல்லை, சார்."