போகிற பிள்ளையிடம்

"நிருஷன் இல்லைப் பிள்ளை" என்றார் இராசமலர்.

சுமித்திராவுக்கு உடனே விளங்கவில்லை. விடைபெறுவதற்காகப் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு வந்த வசனங்களில் இரண்டைத்தான் சொல்லியிருந்தாள். மிச்சம் வாயிலேயே நின்றுவிட்டது.

இன்று அவளுடைய களப் பயிற்சியின் கடைசி நாள்.

உளவளத்துணையில், அதாவது மனநல ஆலோசனையில், முதுமாணிப் பட்டம் படிக்கும் மாணவியாக அவள் துணுக்காய்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கியதிலிருந்து, செவ்வாய் தவறாமல் இராசமலர் இந்தக் கதிரையில் வந்து இருப்பார். நித்திரை இல்லை என்று டொக்டர் அனுப்பிவிட்ட ஆள். உழுந்துக்கு மழை காணாதது, குரங்கு குரும்பை பிடுங்குவது, முழங்கால் உளைவு என்று எல்லாம் கதைப்பார். வெளிநாட்டுக்கென்று புறப்பட்டுப் பாதி வழியில் தொடர்பற்றுப் போன மகன் நிருஷன் போன் எடுத்துக் கதைத்தானா என்று கேட்டால் மட்டும் ஒரே சொல்தான்.

"எடுப்பான்."

இன்று அந்தச் சொல் வரவில்லை.

பெலாரஸ் எல்லைக் காட்டில், பனிக்குள் நடந்தபோது நிருஷன் விழுந்திருக்கிறான். பிறகு எழும்பவில்லை. கூடப் போன பெடியனுக்கு இராசமலர் விடாமல் போன் எடுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவனால் பொய் சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டே சொல்லிவிட்டான். நிருஷனின் அப்பாவுக்குச் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் இராசமலர் போனை வைத்தாராம்.

"மனுசன் பின்னேரத்தில போனையும் கொண்டு குளக்கட்டில ஏறி நிக்கும். அங்கதான் சிக்னல். வந்து, இண்டைக்கும் லைன் இல்லையப்பா, நாளைக்கு எடுப்பான் எண்டு சொல்லும். நானும் ஓம் எண்டுவன். அந்த நினைப்பிலதான் அந்தாள் உயிரோட இருக்குது."

அழுகை வந்தால் கிணற்றடிக்குப் போய்விடுவாராம். தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு அழுதால் ஒருவருக்கும் தெரியாது.

பெற்ற பிள்ளைக்கு ஒரு விளக்குக்கூட வைக்கவில்லை.

சுமித்திரா கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஐயாவிடம் சொன்னால் இருவரும் சேர்ந்து அழலாமே என்று மெல்லத் தொடங்கினாள். இராசமலர் கேட்கவே இல்லை. அப்படியென்றால் இனி ராஜினி மிஸ்ஸோடு கதையுங்கள், அவர் இங்கேயே வேலை செய்கிறவர், பத்து வருட அனுபவம் உள்ளவர் என்றாள்.

"அவா ஊர் ஆள் பிள்ளை. கோயிலில காணுவன், சந்தையில காணுவன். காணுற நேரமெல்லாம் இது அவாவின்ரை முகத்தில நிக்கும். நான் பிறகு எப்பிடி இஞ்ச இருக்கிறது? நீங்கள் போற பிள்ளை. அதுதான் உங்களிட்டச் சொன்னனான்."

இராசமலர் எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சுமித்திராவின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, பிறசர் குளிசை வாங்குவதற்காக மருந்து யன்னல் பக்கம் நடந்தார்.

சுமித்திரா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வேப்பமரத்தின் கீழ் இராசமலரின் கணவர் வீரகத்தி மோட்டார் சைக்கிளோடு நின்றார். மனைவியை ஏற்றி வருவதும் ஏற்றிப் போவதும் தவிர, இத்தனை நாளில் அவர் ஒரு சொல் கதைத்ததில்லை. இன்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஒரு பை கச்சானை அவளிடம் நீட்டினார். தோட்டத்து நிலக்கடலை, மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"இண்டையோட போறியளாம்."

"ஓம் ஐயா."

அவர் மருந்து யன்னலைத் திரும்பிப் பார்த்தார். இராசமலருக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

"சொல்லுவம் சொல்லுவம் எண்டு இவ்வளவு நாளும் நிண்டனான்" என்றார். குரல் தாழ்ந்தது. "எங்கட பெடியன் இல்லைப் பிள்ளை. கூடப் போனவன் அடுத்த நாளே எனக்கு எடுத்துச் சொல்லிப்போட்டான். அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை எண்டு நான்தான் அவனைக் கெஞ்சினது."

சுமித்திராவின் கையில் கச்சான் பை கனத்தது.

"எடுப்பான் எடுப்பான் எண்டு சொல்லித்தான் அவாவை வைச்சிருக்கிறன். தெரிஞ்சா அவா இருக்கமாட்டா."

இருபது அடி தூரத்தில் முதுகைக் காட்டியபடி நின்ற பெண் சற்று முன் சொன்னதை அப்படியே சொல்லிவிட நினைத்தாள். அது இராசமலரின் பேச்சு. அதை எடுத்துக் கொடுக்க அவளுக்கு உரிமை இல்லை. இப்போது இவர் சொன்னதும் அப்படித்தான்.

"ஐயா, ஒருக்கா அம்மாவோட இருந்து மனம்விட்டுக் கதைச்சுப் பாருங்கோவன்..."

அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

"ஐயோ, வேண்டாம் பிள்ளை." அந்தப் பெரிய மனிதர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். "வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ. உங்களைத்தான் கும்பிடுறன்."

வீதியில் வவுனியா பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அதை விட்டால் பிறகு பின்னேரம்தான். சுமித்திரா பஸ்ஸுக்கு ஓடவில்லை.

இராசமலர் குளிசை உறையோடு திரும்பி வந்தார்.

"என்ன, பிள்ளையை மறிச்சு வைச்சுக்கொண்டு கதை?"

"கச்சான் குடுத்தனான்" என்றார் வீரகத்தி.

இரண்டு பேரும், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர், அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள்.

சுமித்திரா சிரித்தாள்.

இரண்டு பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.